பத்துமலை தம்புசாமி பிள்ளையும் பாடாங் ரக்பியும்: திடல் கதை

தைப்பூசத்தையொட்டி கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீயிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். அந்த ஆலயத்தோடும் பத்துமலைத் திருத்தலத்தோடும் சேர்த்தே சொல்லப்படும் பெயர் கே. தம்புசாமி பிள்ளை. 1891இல் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் அவர். மறு ஆண்டிலிருந்து அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த செய்திதான்.

அதே பெயர் இன்னொரு பட்டியலிலும் இருப்பதை அறிந்தவர்கள் குறைவு. மாரியம்மன் ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், டத்தாரான் மெர்டேக்காவின் ஓரத்தில், கறுப்பு வெள்ளை மரச்சட்டங்களோடு நிற்கும் கட்டடம் சிலாங்கூர் கிளப். 1884இல் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்பின் தொடக்க உறுப்பினர்களில் தம்புசாமி பிள்ளையும் ஒருவர். பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் கூடிய இடம் அது. இந்நாட்டில் ரக்பி ஆட்டம் வேரூன்றிய இடங்களில் ஒன்றும் அதுவே.

ஒரு கிளப் 140 ஆண்டுகள் நிலைத்து நிற்க என்ன வேண்டும்? தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த நம்மவர்களின் விளையாட்டுக் குழுக்களில் பல ஏன் அப்படி நிற்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றேதான். ரக்பியின் கதையைத் தொடர்ந்து போனால் அது தெரியவரும்.

அத்தாப்புக் கூரையில் தொடங்கிய கிளப்

தம்புசாமி பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்து, ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது அவரோடு கிள்ளானுக்கு வந்தார். அரசாங்கக் கருவூலத்தில் உயர்ந்த பொறுப்பு வகித்த பின் வணிகத்தில் இறங்கினார். லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டபோது அதன் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார்.

அப்படிப்பட்ட ஒருவருக்குச் சிலாங்கூர் கிளப்பின் கதவு திறந்ததில் வியப்பில்லை. அங்கே சேர நிறம் மட்டுமே அளவுகோல் அல்ல, கல்வியும் பதவியும் சமூக அந்தஸ்தும் பார்க்கப்பட்டன. ஆயினும் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியர்களே. இந்தக் கிளப்புக்கு 'புள்ளி நாய்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். தொடக்க உறுப்பினர் ஒருவரின் மனைவி வளர்த்த இரண்டு புள்ளி நாய்கள் வாசலில் காத்திருக்கும் என்பது ஒன்று. வெள்ளையரும் மற்றவரும் கலந்திருந்ததைக் கிண்டல் செய்து வைத்த பெயர் என்பது மற்றொன்று. எது உண்மையானாலும், 1890இல் ஐரோப்பியர்களுக்கென்றே தனியாக லேக் கிளப் தொடங்கப்பட்டதை வைத்து அந்தக் காலத்து மனநிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

கிளப்பின் முதல் கட்டடம் மரப்பலகையும் அத்தாப்புக் கூரையும் கொண்ட சிறிய வீடு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய சொத்து இருந்தது. போலீஸ்காரர்கள் அணிவகுப்புப் பயிற்சி செய்த பரந்த திடல் அது. பாடாங் என்று எல்லாரும் அழைத்த அந்தத் திடலில் கிரிக்கெட், ஹாக்கி, காற்பந்து, ரக்பி எல்லாம் நடந்தன. மாலையில் துரைமார்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

கபடி தெரிந்தவருக்கு ரக்பி புரியும்

ரக்பி பார்த்திராதவர்களுக்கு அது வெறும் தள்ளுமுள்ளாகத் தோன்றும். உண்மையில் அதன் விதி எளியது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். அதற்கு 'டிரை' என்று பெயர், இன்றைய கணக்கில் 5 புள்ளிகள். அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதே இந்த ஆட்டத்தின் உயிர். பின்னால் வரும் தோழனுக்குத்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் தானே ஓட வேண்டும், அல்லது பந்தை உதைக்க வேண்டும்.

பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். கபடியில் பாடி வருபவரை மடக்குவது போன்றதுதான். பிடித்தவுடன் ஆட்டம் நின்றுவிடாது என்பதே வித்தியாசம். விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும், அதற்காக இரு அணியினரும் போராடுவார்கள். முழு ஆட்டத்தில் ஓர் அணிக்கு 15 பேர். அவர்களில் எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ளுவது 'ஸ்கிரம்'. உடல் கனத்தவருக்கும் இடமுண்டு, ஓட்டக்காரருக்கும் இடமுண்டு. தனி ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பின்னால் துணை வராவிட்டால் பந்து பறிபோய்விடும்.

காசு வாங்காமல் ஆட யாரால் முடியும்?

இந்த ஆட்டத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது. அமெச்சூர் என்று சொல்வது இதைத்தான். கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகத் தெரியும். ஆனால் அது யாருக்கு வசதியாக இருந்தது என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு.

வட இங்கிலாந்தில் சனிக்கிழமை ரக்பி ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் நெசவாலையிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டுமாவது ஈடு செய்ய வேண்டும் என்று அவர்களின் கிளப்புகள் கேட்டன. லண்டனில் இருந்த ரக்பி சங்கம் மறுத்தது. 1895இல் வடக்குக் கிளப்புகள் பிரிந்து போய்த் தனிச் சங்கம் அமைத்தன. ரக்பி யூனியன், ரக்பி லீக் என்று இந்த ஆட்டம் இரண்டானது அப்படித்தான். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் அந்தத் தடையை விடாப்பிடியாக வைத்திருந்து, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1995இல்தான் நீக்கியது.

இதை அப்படியே கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். துரைக்கு மாதச் சம்பளம், பங்களா, கார், வார இறுதியில் கிளப். அவர் திடலில் விழுந்து கை உடைந்தாலும் சம்பளம் நிற்காது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவப் போகும் தொழிலாளிக்கோ நாள் கூலிதான். தோள்பட்டை நழுவினால் கத்தி பிடிக்க முடியாது, கத்தி பிடிக்காத நாளுக்குக் கூலி இல்லை. ரக்பி துரைமார் ஆட்டமாக இருந்ததற்கு நிறமும் அந்தஸ்தும் மட்டுமே காரணமல்ல. விழுந்து எழ வசதி உள்ளவரின் ஆட்டமாகவும் அது இருந்தது.

ஒரே கப்பல், இரண்டு கிண்ணங்கள்

ரக்பிக்கும் காற்பந்துக்கும் இந்நாட்டில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரியான வாய்ப்புக் கிடைத்தது. முதல் உலகப் போருக்கு முன் ஐக்கிய மலாய் மாநிலங்கள் தங்கள் செலவில் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் கட்டிக் கொடுக்க முன்வந்தன. அதன் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. அந்த மாநிலங்களின் கருவூலத்தை அன்று நிரப்பியவை ஈயமும் ரப்பரும். ஆகவே அந்தக் கப்பலின் இரும்பில் தோட்டத்துத் தமிழரின் வியர்வையும் கலந்திருந்தது என்றால் மிகையாகாது.

1921இல் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தது. கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக அதன் மாலுமிகள் இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. மாநிலங்களுக்கு இடையிலான போட்டிகள் அவற்றிலிருந்து வளர்ந்தன.

இரண்டும் இரண்டு பாதையில் போயின. காற்பந்துக்கு ஒரு பந்தும் கொஞ்சம் வெற்றிடமும் போதும். ஆகவே அது கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் பரவியது. பிற்காலத்தில் எம். சந்திரன், ஆர். ஆறுமுகம் போன்றவர்கள் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிப் புகழ்பெற்றார்கள். ரக்பி மட்டும் போருக்கு முன்வரை பெரும்பாலும் ஐரோப்பியர் அணிகளின் ஆட்டமாகவே இருந்தது.

தமிழர்கள் தங்களுக்கென்று கிளப் அமைத்துக்கொள்ளாமலும் இல்லை. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்கள், டிபிசிஏ என்று அறியப்படும் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தை 1914இல் தொடங்கினார்கள். கம்போங் பாரு வட்டாரத்தில் அதற்கென்று ஒரு திடல் அமைந்தது. சங்கத்தின் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதில் அந்தத் திடலுக்குப் பெரும் பங்குண்டு.

பள்ளியிலிருந்து வந்த கோப்ரா

ரக்பியைத் துரைமாரின் கையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே கொண்டு வந்தவை ஆங்கிலப் பள்ளிகள். கோலாகங்சார் மலாய் கல்லூரி, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம், அரச இராணுவக் கல்லூரி போன்ற இடங்களில் மலாய், சீன, இந்திய மாணவர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றார்கள். விக்டோரியா கல்விக்கூடத்தின் விளையாட்டு இல்லங்களில் ஒன்றுக்குத் தம்புசாமியின் பெயரே வைக்கப்பட்டுள்ளது. 1902இல் அவர் மறைந்த பின், அவர் பெயர் தாங்கிய இல்லத்துக்காகப் பல இனத்துப் பிள்ளைகள் ஓடினார்கள்.

பள்ளி முடித்தவர்களுக்கு அடுத்த கேள்வி எழுந்தது: இனி எங்கே ஆடுவது? 1967இல் அதற்கு விடையாக வந்தது கோப்ரா. பாம்பின் பெயர் போலத் தோன்றினாலும் அது ஒரு சுருக்கப் பெயர். 'முன்னாள் மாணவர்களின் கூட்டு ரக்பி சங்கம்' என்பது அதன் பொருள். ஒரு பள்ளியின் பழைய மாணவர்களை மட்டும் சேர்க்காமல் பல பள்ளிகளின் பழைய மாணவர்களை ஒன்றாக்கியது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. பெட்டாலிங் ஜெயா அதன் தாயகம். அங்குள்ள அஸ்தாகா திடல் என்றாலே ரக்பிக்காரர்களுக்குக் கோப்ராதான் நினைவுக்கு வரும்.

அதே 1967இல் கோப்ரா ஒரு புதுமையும் செய்தது. 15 பேர் ஆடும் ஆட்டத்தில் தள்ளும் வலிமை உண்டு, ஆனால் ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்த முடியாது. 7 பேர் ஆடும் ஆட்டத்தில் வேகம் உண்டு, ஆனால் கனத்த முன்வரிசைக்காரர்களுக்கு வேலை குறைவு. இரண்டுக்கும் நடுவே 10 பேர் ஆடும் ரக்பியைக் கோப்ரா அமைத்தது. முன்வரிசைக்கு ஐந்து பேர், பின்வரிசைக்கு ஐந்து பேர், பாதிக்குப் பத்து நிமிடம். ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் இரண்டே நாளில் பல அணிகளை வைத்துப் பெரிய போட்டியே நடத்திவிடலாம்.

உலகில் பத்துப் பேர் ரக்பிப் போட்டி தொடங்கியது இங்கேதான். ஹாங்காங்கில் அத்தகைய போட்டி வந்தது 1986இல். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி போன்ற ரக்பி நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து ஆடினார்கள். ஊதியம் கொடுத்து ஆட்களை வைத்துக்கொள்ள முடியாத ஓர் அமெச்சூர் கிளப், ஒரு நல்ல யோசனையையும் ஒரு திடலையும் வைத்து உலகைத் தன் வாசலுக்கு வரவழைத்த கதை இது.

பாடாங் போனது, கியாரா வந்தது

சிலாங்கூர் கிளப்புக்கு வருவோம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டது அந்தப் பாடாங்கில்தான். 1970இல் கிளப் கட்டடத்தின் ஒரு பகுதி தீக்கிரையானது. அது திரும்பக் கட்டப்பட்டது. 1984இல் நூற்றாண்டு கண்டபோது சிலாங்கூர் சுல்தான் 'அரச' என்ற அடைமொழியை வழங்கினார். அன்றுமுதல் அது ராயல் சிலாங்கூர் கிளப்.

1987இல் பாடாங் கோலாலம்பூர் மாநகராட்சியின் வசமானது. பின்னர் அது டத்தாரான் மெர்டேக்கா ஆனது. நாட்டின் கொடி உயர்ந்த இடம் பொதுமக்களின் சதுக்கமாக மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. நூறு ஆண்டுகள் ஆடிய திடல் கிளப்பின் கையை விட்டுப் போனாலும் கிளப்பின் விளையாட்டு நின்றுவிடவில்லை. அதற்கு மாற்றாகப் புக்கிட் கியாராவில் நிலம் கிடைத்தது. இன்று அங்கே கிளப்பின் விளையாட்டு வளாகம் இருக்கிறது, ஆட்டம் தொடர்கிறது.

புக்கிட் கியாரா முன்பு என்னவாக இருந்தது என்பது பழைய தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அது ரப்பர் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 'தற்காலிகம்' என்ற அந்தச் சொல் பல பத்தாண்டுகள் நீண்டது. பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் நிரந்தர வீட்டுக்கான காத்திருப்புத் தொடர்ந்தது.

1998 காமன்வெல்த் விளையாட்டும் இதே போன்ற கதைதான். அந்த விளையாட்டில் முதன்முறையாக ரக்பி சேர்க்கப்பட்டது இங்கேதான். ஜோனா லோமு இடம்பெற்ற நியூசிலாந்து அணி இறுதியாட்டத்தில் பிஜியை வென்று தங்கம் பெற்றது. எழுவர் ரக்பி பின்னர் 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனது, 2017 சீ விளையாட்டில் மலேசிய ஆடவர் அணி தங்கம் வென்றது. காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புக்கிட் ஜாலிலில் பிரம்மாண்டமான தேசிய அரங்கம் எழுந்தது. அந்த நிலமும் முன்பு ரப்பர் தோட்டமே.

இதில் எந்தக் கிளப்பையும் எந்த ஆட்டக்காரரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்கலாம். சிலாங்கூர் கிளப் பாடாங்கை இழந்தபோது அதன் கையில் பதிவு இருந்தது, உறுப்பினர் பட்டியல் இருந்தது, தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஒரு செயற்குழு இருந்தது. ஆகவே மாற்று நிலம் கேட்க முடிந்தது. தோட்டத்துத் திடல் போனபோது கேட்பதற்கு யார் இருந்தார்கள்?

தோட்டத்துத் திடல்

லயத்துக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே ஒரு திடல் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது. பால் நிறுத்துக் கொடுத்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் மாலையில் காற்பந்து. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். லாரியில் ஏறிப் போய் ஆடித் தோற்றுத் திரும்பியதை இன்றும் கதையாகச் சொல்லும் பெரியவர்கள் கிள்ளானிலும் ரவாங்கிலும் காஜாங்கிலும் இருக்கிறார்கள்.

அந்தத் திடல் தோட்டத்துக்குச் சொந்தம், ஆடியவர்களுக்கு அல்ல. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது லயத்தோடு சேர்ந்து திடலும் போனது. ஆட்டக்காரர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள். கோயிலுக்காவது நிலம் கேட்டுப் போராடினார்கள். விளையாட்டுக் குழுவுக்காகக் கேட்டவர்கள் மிகக் குறைவு, ஏனெனில் பல இடங்களில் அது எழுத்தில் இல்லாத குழு. பழைய ஆட்டக்காரர்கள் கண் மூடினால் அதன் வரலாறும் முடிந்துவிடும்.

இன்று சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்கின்றன. பதிவு பெற்ற சங்கத்துக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு. ஊராட்சியிடம் திடல் கேட்கவும் மானியம் கேட்கவும் ஒரு கடிதத் தலைப்பு உண்டு. சொந்தத் தோட்டத்தின் பெயரில் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடிக் காற்பந்து ஆடும் முன்னாள் தோட்டவாசிகளுக்கு இது எட்டாத காரியமல்ல. ஏற்கெனவே பதிவு பெற்ற தமிழர் சங்கங்கள் வழிகாட்டலாம்.

பல பள்ளி, பல இனம் என்று சிதறிக் கிடந்த பழைய மாணவர்கள் 1967இல் ஒன்று சேர்ந்ததால்தான் கோப்ரா பிறந்தது. தனித்தனித் தோட்டத்துக் குழுவாக நிற்க ஆளில்லை என்றால், அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பழைய ஆட்டக்காரர்களும் அப்படியே ஒன்று சேரலாம்.

தம்புசாமி பிள்ளை பத்துமலையில் தொடங்கி வைத்தது இன்றும் தொடர்கிறது. அவர் தொடக்க உறுப்பினராக இருந்த கிளப்பும் திடல் மாறினாலும் தொடர்கிறது. இரண்டிலும் அவருக்குப் பின் வந்தவர்கள் இடத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கேட்க ஆள் இருந்தது, கேட்பதற்கு ஒரு பெயரும் இருந்தது. இன்று மாலை எங்கோ ஒரு மலிவு வீட்டுக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், கார்களுக்கு நடுவே பந்து உதைத்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.